பதினாலும் பதினஞ்சும்

அருள்புரம்
22.1.2024

கண்ணு கீர்த்தனாவுக்கு அப்பா எழுதறது.

ஐதராபாத் போய்ச் சேந்ததும் நீ அம்மாகிட்ட போன்ல பேசுனது என்ற காதுலயும் விழுந்துச்சு. இருந்தாலும் கையால எழுதி ஒருதாட்டி கேட்டுக்கறேன். உடம்பு சுகமா இருக்குதா அம்மிணி? அங்க குளுரு எப்படி? இங்க நானும் உங்கம்மாளும் ஒரு கொறையுமில்லாம இருக்கறோம்.

இந்தக் காலத்துல கடுதாசியான்னு சிரிப்பே. நம்ம பனியன் துணி செட்டுல நின்னு பேசுனா நாலு நிட்டிங் மிசின் சத்தத்துல பாதி கேக்கறதில்ல. ஊட்டுல பேசலாம்னா உங்கம்மா ஸ்பீக்கரைப் போட்டுட்டுப் பக்கத்துல வந்து உக்காந்துக்கறா. என்ற பார்வை எந்த அளவுக்குக் கொறஞ்சுதுன்னு அவளுக்கு முழுசாத் தெரியாது. தெரியவும் வேண்டாம். நீயும் செட்டு அட்ரசுக்கே எழுது.

பொங்கலுக்கு வந்தப்ப உங்க ஆராய்ச்சிக்குன்னு என்றகிட்ட எடுத்துட்டுப் போன ரத்தம் கெடாம வந்துச்சா? எதுக்கு ரத்தம்னு உங்கம்மா கேட்டதுக்கு, சர்க்கரை பாக்கன்னு சொல்லி வெச்சேன். அன்னையிலிருந்து காப்பி வெறுங்கசப்பா வருது.

ரத்தத்துல இருந்து கண்ணை வளத்தறதுன்னு நீ சொன்னதை நம்ம மிசின் ஓட்டற முனீஸ்கிட்டச் சொன்னேன். "அண்ணாச்சி, நூல்ல இருந்து துணி வரலியா, அது மாதிரித்தான்"னான். அவன் சொன்னது சரியா?

உன்ற தாத்தன், எங்கய்யனுக்கும் இதே கண்ணு நோவுதான். அம்பத்தெட்டு வயசுல முழுசும் இருட்டாப் போச்சு. எனக்கு இப்ப அம்பத்தினாலு. ஆனா நீ பயப்படாதே. நடுவுல நல்லாத் தெரியுது, ஓரந்தான் இல்ல. துணியில ஒத்த ஊசிக்கோடு விழுந்தாலும் இன்னும் நாந்தான் மொதல்ல கண்டுபுடிக்கறேன்.

வேளைக்குச் சாப்பிடு.

அப்பா
ஈஸ்வரமூர்த்தி


ஐதராபாத்
11.2.2024

அப்பாவுக்கு கீர்த்தனாவோட வணக்கங்க.

நான் நல்லா இருக்கறேங்க. நீங்களும் அம்மாளும் சௌக்கியம்னு படிச்சதும் நிம்மதியா இருந்துச்சு. காப்பி விசயத்தைப் படிச்சுட்டு ஹாஸ்டல்ல தனியாச் சிரிச்சுட்டிருந்தேன்.

முனீஸ் அண்ணன் சொன்னது பாதி சரிங்க. துணியப் பிரிச்சு மறுபடியும் நூலாக்கி, அந்த நூல்ல வேற துணி போடற மாதிரின்னு வெச்சுக்கலாம். உங்க ரத்தத்துல இருக்கற செல்லை, அது கருவுல இருந்த நிலைக்குத் திருப்பிக் கொண்டு போறோம். அப்புறம் அது எதுவா வேணும்னாலும் வளரும். நாங்க பதமாத் தூண்டி விழித்திரையா வளத்துவோம். ஒரு வருசம் ஆகுங்க.

ஒண்ணை மறைக்காமச் சொல்லிர்றேன். இப்படி வளத்தறதை எடுத்து உங்க கண்ணுல வைக்கறதுக்கு இன்னும் எத்தனை வருசம்னு யாருக்கும் தெரியாது. உங்க செல்லு எதுனால சாகுது, அதை நிறுத்த முடியுமான்னு தட்டுல வெச்சுப் பாக்கறதுதான் இப்ப எங்க வேலை. உங்களுக்குப் பொய்யா ஆசை காட்ட மாட்டேன்.

இங்க உங்களுக்குப் பேரு கிடையாது. நீங்க 14. ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு அதே குடும்பத்துல நோவு இல்லாத ஒருத்தர் வேணும்னாங்க. என் ரத்தத்தையே குடுத்துட்டேன். நான் 15. ரெண்டு தட்டும் ஒரே அடுக்குல பக்கத்துப் பக்கத்துல இருக்குது. ஆனா என்னுதை நான் தொடக் கூடாதுங்க, அது விதி. தன் செல்லு தவறித் தன் உடம்புக்குள்ள போயிட்டா, உடம்பு அதை அன்னியம்னு கண்டுக்காதாம். அதனால 15-ஐ ரோஸ்மேரி பாத்துக்கறா. தூத்துக்குடிப் பொண்ணு, என்கூட வேலை செய்யறவ.

பொழுது சாஞ்சா வண்டி ஓட்டாதீங்க. அம்மாளைக் கேட்டதாச் சொல்லுங்க.

உங்க
கீர்த்தனா


அருள்புரம்
9.3.2024

கண்ணுக்கு,

உன்ற கடுதாசி கெடச்சுது. மூணுதாட்டி படிச்சுட்டு மேசைக்குள்ள வெச்சுப் பூட்டியிருக்கறேன். ஊட்டுல எல்லாரும் நலம். நீயும் அப்படியே இருக்கோணும்.

செட்டுக்கு வந்து போற எல்லாருக்கும் நான் முதலாளி, ஐதராபாத்துல நான் 14. நெம்பப் புடிச்சிருக்குது.

போன வாரம் நூல் பொட்டி ஒண்ணு காலுல தட்டி முட்டியில சின்னச் சிராய்ப்பு. அவ்வளவுதான். அம்மா பேச்சுவாக்குல சொல்லிருவா, அதனால நானே முந்திக்கறேன்.

இன்னொரு சேதி. உடுமலைப்பேட்டையில இருந்து ஒரு எடம் வந்திருக்குது. பையன் பேரு தரணீதரன், காத்தாடிக் கரண்டு கம்பெனியில இஞ்சினியரு. அவங்கப்பாவுக்குத் தென்னந்தோப்பு. அம்மா போட்டோ அனுப்புவா. உனக்குப் புடிச்சாத்தான் மேக்கொண்டு பேசறது. என்ற கண்ணைப் பத்தி அவங்ககிட்ட இன்னும் ஒண்ணும் சொல்லல. கேட்டாச் சொல்லிக்கலாம்.

வெயிலு ஏறுது, மோரு குடி.

அப்பா


ஐதராபாத்
20.4.2024

அன்பான அப்பாவுக்கு,

முட்டி ஆறிருச்சுங்களா? சின்னச் சிராய்ப்புக்கு மூணு தையல் போடுவாங்களா? அம்மா சொல்லீட்டாங்க. எனக்கு இங்க ஒரு தொந்தரவும் இல்லீங்க.

சந்தோசமான சேதி. உங்க செல்லு திரும்பிருச்சுங்கப்பா! தட்டுல வட்டம் வட்டமாக் கூட்டம் கட்டி உக்காந்திருக்குது. அம்பத்தினாலு வருசம் பின்னால போயி, இன்னும் பொறக்காத புள்ளையா இருக்கறீங்க. காலையில வந்ததும் உங்களுக்குச் சாப்பாடு மாத்தறதுதான் என் முதல் வேலை. ஞாயித்துக்கிழமையும் வரேன். ஒருநாள் விட்டாலும் வாடிருவீங்க.

15 உங்களைவிட வேகமா வளருது. "உங்கப்பாவை முந்திட்டே"ன்னு ரோஸ்மேரி கிண்டல் பண்றா.

நீங்க சொன்ன உடுமலைக்காரரு போட்டோ பாத்தேங்க. சிரிச்ச முகம். ரெண்டுதாட்டி போன்லயும் பேசினோம். காத்தாடி மேல ஏறி நின்னா பொள்ளாச்சி வரைக்கும் தெரியும்னு சொன்னாரு. நீங்க பேசறதுன்னாப் பேசுங்கப்பா.

உங்க
கீர்த்தனா


அருள்புரம்
26.5.2024

கண்ணு,

இங்க எல்லாரும் சுகம். உன்ற சொகத்துக்கு எழுது.

உடுமலைக்காரங்க ஊடு பாக்க வந்துட்டுப் போனாங்க. நல்ல மனுசங்க. உங்கம்மா பண்ணுன கச்சாயத்தைப் பையனோட அம்மா ரெண்டாந்தாட்டி கேட்டு வாங்கித் தின்னாங்க. ஆவணியில நிச்சயம் வெச்சுக்கலாம்னு பேச்சு. மத்தியானமா வந்ததால என்ற கண்ணு யாருக்கும் தெரியல. டம்ளர் மட்டும் ஒண்ணு கவுந்துச்சு.

14 எப்படி இருக்கறான்? 15 இன்னும் முந்தித்தான் போறாளா? எழுது.

அப்பா


அருள்புரம்
14.7.2024

கீர்த்தனாவுக்கு,

ஏனம்மிணி, உடம்புக்கு எதாச்சுமா? நான் எழுதி ஏழு வாரமாச்சு, பதில் கடுதாசி இல்ல. போன்ல "வேலைங்க, அப்புறம் பேசறேங்க"ங்கற ரெண்டு வார்த்தைக்கு மேல வரதில்ல. உங்கம்மா ஸ்பீக்கரைப் போட்டுட்டு உக்காந்திருந்து ஏமாந்து போறா.

அந்தத் தம்பி தரணீதரன்கிட்டயும் நீ பேசறதில்லையாம். அவங்கப்பா நாசூக்காக் கேட்டாரு. வேலை எச்சுன்னு சொல்லி வெச்சேன்.

14 செத்துப் போச்சுன்னாலும் சொல்லு. நான் வருத்தப்பட மாட்டேன். இன்னொரு சீசா ரத்தம் குடுத்தாப் போவுது.

அப்பா


ஐதராபாத்
3.8.2024

அப்பாவுக்கு,

மன்னிச்சுக்கோங்க. நான் நல்லாத்தான் இருக்கறேன். நீங்களும் அம்மாளும் நலமா இருக்கோணும்.

14 சாகலீங்க. நல்லா இருக்குது. இப்ப ராகி மணி அளவுக்கு உருண்டை உருண்டையா வளந்திருக்குது. வெறுங்கண்ணுக்கே தெரியுங்க. ஒவ்வொரு உருண்டைக்குள்ளயும் விழித்திரையோட அடுக்கு உருவாகுது. எங்க லேபுக்குத் தலைமையா இருக்கற மேடம் வந்து பாத்துட்டு, இத்தனை சுத்தமா வளந்து பாத்ததில்லைன்னாங்க.

உடுமலைக்காரங்ககிட்ட உங்க பார்வையப் பத்திச் சொல்லீட்டீங்களா? சொல்லாம எதுவும் பேச வேண்டாங்க. நிச்சயத்துக்கு நாளு குறிக்க வேண்டாம். எனக்கு இப்பக் கல்யாணம் வேண்டாங்கப்பா. காரணம் கேக்காதீங்க.

மழையில வெளிய போகாதீங்க.

கீர்த்தனா


அருள்புரம்
1.9.2024

என்ற கண்ணுக்கு,

சுகமான்னு கேட்டா நீ சுகம்னுதான் எழுதுவே. அதனால இந்தத்தாட்டி கேக்கல.

நீ சொன்னாப்புல உடுமலைக்கே நேருல போயி எல்லாத்தையும் சொல்லீட்டேன். முனீஸ்தான் வண்டி ஓட்டிட்டு வந்தான். எங்கய்யனுக்கு வந்தது, எனக்கு வந்தது, புள்ளைங்களுக்குச் சரிபாதி வாய்ப்பு இருக்குதுன்னு டாக்டர் சொன்னது, எல்லாம். பையனோட அப்பா வாசல் வரைக்கும் கூட வந்தாரு. அப்புறம், "கலந்துட்டுச் சொல்றோமுங்க"ன்னாரு. மூணு வாரம் ஆச்சு. போனு இல்ல. அவங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல.

திரும்பி வரையில வண்டியிலதான் எனக்கு ஒண்ணு உறைச்சுது. சரிபாதின்னு என்ற வாயாலதான சொன்னேன்? ஊட்டுக்கு வந்து உன்ற கடுதாசி எல்லாத்தையும் எடுத்து வரிசையா வெச்சுப் படிச்சேன். ஏப்ரல் வரைக்கும் 14-ம் 15-ம் ஒட்டுக்கா வருது. ஆகஸ்டுல 14 மட்டும் இருக்குது. 15 எங்க கண்ணு?

நீ சொல்றதுக்கு முன்னால நான் மறைச்சதைச் சொல்லிர்றேன். போன தீவாளியில இருந்து நான் வண்டியே ஓட்டறதில்ல. நூல் பொட்டி தட்டுனது இல்ல, வழியில நின்ன தள்ளுவண்டி மேலயே விழுந்தேன். இப்ப என்ற பார்வை ஒரு கோன் நூலோட ஓட்டை வழியாப் பாக்கற அளவுதான். துணியில ஊசிக்கோட்டக் கண்டுபுடிக்கறேன், பக்கத்துல நிக்கற ஆளைத் தெரியறதில்ல. எங்கய்யன் அம்பத்தேழுல நின்ன எடத்துல நான் அம்பத்தினாலுலயே நிக்கறேன்.

இனி உன்ற முறை. உங்கப்பன்கிட்டத்தான சொல்றே.

அப்பா


ஐதராபாத்
22.9.2024

அப்பா,

உங்க கடுதாசிய ரோஸ்மேரிகிட்டக் குடுத்துப் படிக்கச் சொன்னேன். அவதான் "எழுது, இன்னைக்கே எழுது"ன்னு பேனாவக் கையில திணிச்சுட்டு உக்காந்திருக்கறா.

ஒப்பீட்டுக்கு எடுத்த ரத்தத்துக்கும் மரபணுச் சோதனை உண்டுங்க. முடிவு வரதுக்குள்ள நாங்க அவசரப்பட்டு வளத்த ஆரம்பிச்சுட்டோம். ஜூன் மாசம் ஒருநாள் மேடம் கூப்பிட்டாங்க. உள்ள போனா, பரம்பரை நோவு இருக்கறவங்களுக்கு ஆலோசனை சொல்ற அம்மாவும் உக்காந்திருந்தாங்க. அவங்களைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. அவங்க எதுக்கு வருவாங்கன்னு எனக்குத் தெரியாதுங்களா? நானே எத்தனை பேருக்கு அவங்ககிட்ட வழி காட்டி விட்டிருக்கறேன்.

14-ல எந்த எழுத்து மாறியிருக்குதோ, அதே எழுத்துத்தான் 15-லயும் மாறியிருக்குது.

அப்புறம் கண்ணையும் சோதிச்சாங்க. ஓரத்துல கொஞ்சம் குறைய ஆரம்பிச்சிருக்குதாம். இருட்டு அறையில வேலை செய்யறப்ப நாற்காலி தட்டும். எல்லாருக்கும் தட்டும்னு நெனச்சுட்டிருந்தேங்கப்பா.

நோவு இருக்கறதால 15 ஒப்பீட்டுக்கு உதவாது. வேற ஒருத்தரோட செல்லை எடுத்துட்டாங்க. என்னுதை உறைய வெச்சு உள்ள போட்டுட்டாங்க. நாந்தான் அப்படிப் பண்ணச் சொன்னேன். தெனமும் அந்த அடுக்குல உங்க பக்கத்துல அதைப் பாக்க முடியல. வேற ஆராய்ச்சிக்கு மாத்தித் தரட்டுமான்னு மேடம் கேட்டிருக்காங்க. இன்னும் பதில் சொல்லல.

உங்களுக்கு ஏன் சொல்லலைன்னா, "நான்தானே குடுத்தேன்"னு நீங்க நெனப்பீங்க. அது எனக்கு நோவைவிடப் பெருசுங்கப்பா.

அம்மாளுக்குச் சொல்ல வேண்டாம்.

கீர்த்தனா


அருள்புரம்
6.10.2024

கண்ணு,

நாலு நாளு எனக்கு ஒண்ணும் ஓடல. நீ பயந்தாப்புலயேதான் நெனச்சேன். மறைச்சு எழுதறதில்லைன்னு ஆனதுக்கப்புறம் இதை மட்டும் மறைப்பானேன்?

அஞ்சாம் நாளு உங்கம்மா செட்டுக்கு வந்து மேசையத் தொறந்து எல்லாக் கடுதாசியும் படிச்சுட்டா. சாவி எங்க இருக்குதுன்னு அவளுக்கு மார்ச்சுலயே தெரியுமாம். என்ற பார்வையும் தெரியுமாம். நான் தடுமாறக் கூடாதுன்னு ரெண்டு வருசமா ஊட்டுல ஒரு சாமானையும் எடம் மாத்தாம வெச்சிருக்கறா. எனக்கு அதுகூடத் தெரியல.

"என்னாலதான"ன்னு அவகிட்டச் சொல்லி அழுதேன். அதுக்கு அவ சொன்னதை அப்படியே எழுதறேன். "பொண்ணு பாக்க வந்தப்பவே உங்கய்யன் நாற்காலியத் தடவித்தான் உக்காந்தாரு. எங்கப்பன் என்னைத் தனியாக் கூப்பிட்டு, நாளைக்கு அந்தப் பையனுக்கும் இது வரலாஞ் சாமி, யோசிச்சுக்கன்னாரு. நான் யோசிச்சுத்தான் சரின்னேன். முப்பது வருசத்துல ஒருநாளு அதுக்கு வருத்தப்பட்டிருக்கறனா? புள்ளைகிட்ட இதைச் சொல்லுங்க."

சொல்லீட்டேன்.

தீவாளி நோம்பி முடிஞ்சதும் ரெண்டு பேரும் ரயிலேறி வரோம். மேடத்துகிட்ட இப்போதைக்கு ஒரு பதிலும் சொல்லாதே.

அப்பா


அருள்புரம்
24.11.2024

கண்ணு கீர்த்தனாவுக்கு,

ரெண்டு பேரும் பத்தரமா ஊடு வந்து சேந்தோம். உங்கம்மா அங்க வாங்குன ஊறுகாயைத் தெருவுக்கே பங்கு வெச்சுட்டா. நீ எங்களை ரயிலேத்தி உட்டுட்டுப் போய்ச் சாப்பிட்டியா?

நேருல பேசறப்ப வாயில வராதது பேனாவுல வருது, அதனால எழுதறேன்.

உங்க மைக்ராஸ்கோப்புல நான் கண்ணை வெச்சதும், தெரியுமோ தெரியாதோன்னு நீ மூச்சைப் புடிச்சுட்டு நின்னே. எனக்குத்தான் நடுவுல நல்லாத் தெரியுதே! ஊரே தெரியாத எனக்கு அந்த வட்டம் முழுசாத் தெரிஞ்சுது. உருண்டையோட ஓரத்துல முடி முடியா நின்னுச்சு. ப்ரஷிங் போட்டு எடுத்த பனியன் துணி மாதிரி. அதுதான் வெளிச்சத்தப் புடிக்கற முனைன்னு நீ சொன்னே. எனக்கு உள்ள செத்துட்டு வரது அங்க புதுசா மொளச்சு நிக்குது. என்ற பொண்ணு ஞாயித்துக்கிழமையும் போயிச் சோறு போட்டு வளத்தது.

அப்ப நான் "15 எங்க?"ன்னு கேட்டேன். நீ அந்தப் பெரிய சிலிண்டரைக் காட்டிட்டு வேற பக்கம் திரும்பிட்டே.

கேளு சாமி. என்ற கண்ணுக்கு உங்க வைத்தியம் வந்து சேராது. எனக்கு அதுல துக்கமில்ல, நீ மொதக் கடுதாசியிலயே நேர்மையாச் சொன்னே. ஆனா உனக்கு இருவத்தேழு. உன்ற கண்ணுக்குள்ள இன்னும் முக்கால்வாசி உயிரோட இருக்குது. காப்பாத்தறதுக்கு எச்சா இருக்கறது உன்னுதுலதான். அதைக் கொண்டுபோய்ப் பனிக்கட்டியில போட்டுட்டு, போகப் போறதை வெச்சுட்டு வேலை பாக்கறியே. ஒப்பீட்டுக்கு ஆகாதுன்னா நோவாளியாவே வளத்துங்க. மேடம்கிட்டச் சொல்லு, அந்த எடத்தை விட்டு நீ போக மாட்டேன்னு.

உன்னைப் போகச் சொல்ற உரிமையும் எனக்கில்ல, இருக்கச் சொல்ற உரிமையும் இல்ல. ஆசையச் சொல்றேன்.

அங்க குடுத்த மடக்குக் குச்சியோடதான் இப்பச் செட்டுக்குள்ள நடக்கறேன். மொத நாளு எல்லாரும் என்னைப் பாத்தாங்க. ரெண்டாம் நாளு அவங்கவங்க மிசினைப் பாத்தாங்க. முனீஸ் மட்டும், "அண்ணாச்சி, காலை இடிக்காதீங்க"ன்னு கத்தறான். குச்சியில அவனை நாலுதாட்டி இடிச்சிருக்கறேன்.

அப்பாவும் அம்மாவும்


ஐதராபாத்
6.1.2025

அன்பான அப்பாவுக்கும் அம்மாளுக்கும்,

ரெண்டு பேரும் எப்படி இருக்கீங்க? இனிமேல் ஊட்டு அட்ரசுக்கே எழுதலாம்ல? எனக்கு உடம்பு நல்லா இருக்குது. மனசும் முன்னைக்கு இப்பப் பரவால்லீங்க.

உங்க கடுதாசிக்குப் பதில் போட இத்தனை நாளாச்சு. யோசிச்சேங்கப்பா. நீங்க சொன்னீங்கங்கறதுக்காகப் பண்ணுனதா இருக்கக் கூடாதுன்னு யோசிச்சேன். போன வாரம் மேடம்கிட்ட, நான் இங்கயே இருக்கறேன்னு சொல்லீட்டேன். 15-ஐ நோயாளியோட மாதிரியா ஏத்துக்கச் சொல்லி எழுதிக் குடுத்தேன். அந்தத் தாளுல "நோயாளி கையெழுத்து"ன்னு ஒரு எடம் இருக்குதுங்க. எத்தனையோ பேரை அங்க கையெழுத்துப் போடச் சொல்லி விரலால காட்டியிருக்கறேன். நானே போடறப்ப ஒரு நிமிசம் ஆச்சு.

ரோஸ்மேரி இன்னைக்குக் காலையில பத்து மணிக்கு அதை வெளிய எடுத்தா. நான் தொடக் கூடாதுல்ல, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னேன். நகத்தளவு குப்பி. வெதுவெதுப்பான தண்ணியில ரெண்டு நிமிசம் ஆட்டினா. அப்புறம் தட்டுல ஊத்தி, மூடி மேல பேனாவுல 15-ன்னு எழுதி, உங்க தட்டுக்குப் பக்கத்துல வெச்சுட்டு வந்தா.

உறைஞ்சு கிடந்தது எல்லாமே பிழைக்கறதில்லீங்க. பாதி அப்படியே மிதந்து போயிரும். உயிரு இருக்கறது மட்டும் தட்டோட அடியைப் புடிச்சுக்கும். அது நாளைக்குக் காலையிலதான் தெரியும். அதனால இந்தக் கடுதாசிய இப்ப ஒட்டாம வைக்கறேன்.

7.1.2025, காலை ஒன்பதரை

ரோஸ்மேரி பாத்துட்டு எந்திரிச்சு எனக்கு எடம் விட்டா. நானே குனிஞ்சு பாத்தேன்.

புடிச்சுக்கிச்சுங்கப்பா.

உங்க
கீர்த்தனா